கோபம் என்று எழுதி வைத்த முகம்

ஜப்பானிய மொழியில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடியவை. வந்த புதிதில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்து 'கவாயி' (அழகு) என்பதற்குப் பதிலாக 'கொவாயி' (பயமாக இருக்கிறது) என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தாய் விழுந்து விழுந்து சிரித்தார், அதோடு முடிந்தது. ஒரே ஒரு பிழை மட்டும் அப்படி முடியவில்லை. அதை நான் வாயால் சொல்லவில்லை, அட்டையில் பேனாவால் எழுதினேன். அதனாலேயோ என்னவோ, அழியாமல் பல வருடம் உறுத்திக்கொண்டிருந்தது.

நாகானோ மாநிலத்தில் சுவா ஏரிக்கரையில் ஒரு சின்னப் பட்டறையில் அப்போது வேலை. எந்திரங்களின் அடிப்படுகையைச் சமப்படுத்துவதுதான் எங்கள் பிழைப்பு. அங்கே இருந்த மூத்த தொழிலாளியை எல்லோரும் 'ஒயாஸ்ஸன்' என்றுதான் கூப்பிடுவோம். பெற்ற அப்பாவைக் கூப்பிடும் சொல்லில் கொஞ்சம் பட்டறை எண்ணெய் கலந்தால் வரும் சொல் அது. வடகிழக்கு ஜப்பானில் யமகதா பக்கத்துக்காரர். அவர் செய்த வேலைக்குப் பெயர் கிசாகே. கோவைப் பட்டறைகளில் ஸ்கிராப்பிங் என்பார்களே, அதே வேலைதான். நம் ஊரில் சர்ஃபேஸ் பிளேட்டில் நீலம் தடவித் தேய்த்து மேடு எங்கே என்று பார்ப்பார்கள். அவர் கோம்யோதன் என்ற செந்நிறக் குழம்பைத் தடவுவார். தேய்த்ததும் வார்ப்பிரும்பில் மேடான இடங்களெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். நீளமான உளியின் பின்முனையை அடிவயிற்றில் அண்டக்கொடுத்து, உடம்பின் கனத்தோடு ஒரு தள்ளு. இரண்டு மைக்ரான், மூன்று மைக்ரான் அளவுக்கு ஒரு சீவல் வரும். ஊதினால் பறந்துவிடும். மறுபடி குழம்பு, மறுபடி தேய்ப்பு, மறுபடி தள்ளு. ஒரு படுகைக்கு நாள் கணக்கில் இப்படியே போகும். கடைசிப் பதிவில் புள்ளிகள் ஒரே சீராக விழுந்திருந்தால் நிமிர்ந்து பார்த்து, "தமகெதா" என்பார். ஏதோ தன் வேலையை வேறு எவனோ செய்துவிட்டுப் போனதுபோல.

2012 மார்ச்சில் அவருக்கு ஓய்வு. இங்கே யாராவது விடைபெறும்போது ஒரு சதுர அட்டை கையிலிருந்து கைக்குப் போகும். நடுவில் அவர் பெயர், சுற்றிலும் ஆளுக்கு இரண்டு வரி. என் முறை வந்தது. மூன்று வருடம் அவர் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மனதுக்குள் தமிழில் தெளிவாக ஒரு வாக்கியம் இருந்தது: 'உங்க கைவேலையைப் பார்த்து அசந்து போயிட்டேன்.' 'அசந்து போவது' என்பதற்கு ஜப்பானியத்தில் என்ன? அகராதியைப் புரட்டினேன். திகைத்துப்போதல், வாயடைத்துப்போதல் என்ற பொருளோடு ஒரு வினைச்சொல் கிடைத்தது: அகிரெரு. அதன் கடந்தகால மரியாதை வடிவத்தைப் போட்டு, 'கஞ்சி' எனப்படும் சீன வழிச் சித்திர எழுத்தைக்கூட நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டு, என் மிக நல்ல கையெழுத்தில் எழுதினேன். "இத்தனை வருடத்துக் கைத்திறனைக் கண்டு உண்மையிலேயே அகிரெமஷ்தா."

பிரிவு விருந்து ஏரிக்குப் பக்கத்துக் குடிக்கடை ஒன்றில் நடந்தது. ஒயாஸ்ஸன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அட்டையைக் கையில் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக வாசித்தார். என் மூலைக்கு வந்ததும் அட்டை சுற்றுவது நின்றது. முகத்தில் ஒன்றுமே இல்லை. சிரிப்பு இல்லை, சுளிப்பு இல்லை. அட்டையையே பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். வெளியே ஒரே இருட்டு, பார்க்க அங்கே எதுவும் கிடையாது. பிறகு அட்டையைக் கவனமாக உறைக்குள் வைத்துவிட்டு, தன் கிண்ணத்தைத் தானே நிரப்பிக்கொண்டார். பக்கத்தில் ஆள் இருக்கும்போது தன் கிண்ணத்தைத் தானே நிரப்பிக்கொள்வது இங்கே வழக்கமில்லை.

மறுநாள் ஒரு சக ஊழியன் என்னைச் சாய்ப்புக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் விளக்கினான். "கணவன் மூன்றாவது நாளாகக் குடித்துவிட்டு வந்தால் மனைவி சொல்லும் சொல் அது. 'உன்னைத் திருத்த முடியாது, சீ' என்கிற மாதிரி." எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது. அவன் இன்னொன்றும் சொன்னான். நான் 'ஹொதொ' என்ற சின்னச் சொல்லை நடுவில் போட்டிருந்தால் தப்பித்திருப்பேனாம். அது நம்முடைய 'அளவுக்கு'. 'அகிரெரு அளவுக்கு அபாரம்' என்றால் பாராட்டு. 'கண்டு அகிரெமஷ்தா' என்றால் காறித் துப்பல். ஒரு 'அளவுக்கு' அளவுக்குத்தான் இடைவெளி. "ஒயாஸ்ஸன் புஸென் என்று உட்கார்ந்திருந்தாரே, பார்த்தாய் அல்லவா?" என்றும் கேட்டான். (பு-வைப் பூட்டானின் பூ போல ஒலிக்கவும். நம் எழுத்து இதற்கெல்லாம் உதவாது.) புதுச்சொல். அன்று இரவு என் சொல்லேட்டில் எழுதி வைத்தேன்: புஸென் – உர்ரென்று, கோபமாக.

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் யமகதாவிலிருந்து வாழ்த்தட்டை மட்டும் வந்தது. அச்சடித்த வாசகம், கீழே கையால் ஒரு வரி: உடம்பைப் பார்த்துக்கொள்.

ஈரக்குலையும் இடுப்பும்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதிர்ச்சியைச் சொல்லும் சொற்கள்மேல் எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. சூடு கண்ட பூனை பால் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லேட்டில் அதற்கென்று பத்துப் பக்கம் ஒதுக்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது, ஜப்பானியர்களின் அதிர்ச்சி உடம்பில் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது. கண் வட்டமாகிறது. திறந்த வாய் மூட மறுக்கிறது. மூச்சை விழுங்குகிறார்கள். காதைச் சந்தேகிக்கிறார்கள். தலைக்குள் வெள்ளை வெளேரென்று ஆகிறது. ரொம்பப் பெரிய அதிர்ச்சி என்றால் இடுப்பு கழன்றுகொள்கிறது, அதாவது எழுந்து நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். இன்னும் பெரிதென்றால் ஈரல் நசுங்குகிறது, அல்லது யாரோ வந்து ஈரலைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் ஆத்தாவின் குரல் கேட்டது. "ஈரக்குலையே பதறிப்போச்சுடா சாமி." நெஞ்சு, இதயம் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் ஈரலைச் சொல்ல எங்கள் ஆத்தாவுக்கும் தெரிந்திருந்தது, ஜப்பானியருக்கும் தெரிந்திருக்கிறது.

ஒயாஸ்ஸனின் 'தமகெதா'வும் அப்படித்தான். நான் அதை வெறும் 'அடேயப்பா' என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். தமா என்றால் தமஷீ, உயிர். கெரு என்றால் மறைந்துபோவது. நம் 'உசுரே போயிடுச்சு'. நகரத்து இளசுகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. வடகிழக்கு மாவட்டங்களில் இன்னும் புழங்குகிறது.

இதைவிட ஒன்று என்னை நிஜமாகவே உலுக்கியது. ஜப்பானியத்தில் ஒலிக்குறிப்புச் சொற்கள் ஏராளம். திடுக்கிட்டால் 'தொகி', எதிர்பாராததைக் கண்டு மிரண்டால் 'க்யொ', சட்டென்று உறைத்தால் 'ஹா', வாய் பிளந்தால் 'பொகான்'. மங்கா எனப்படும் படக்கதைகளில் ஒருவன் தலையில் இடி விழுந்தால் 'காஆன்' என்று மணி அடிக்கும், நெற்றியில் செங்குத்தாக நாலு கோடு விழும். இவற்றை வாக்கியத்தில் மாட்டும் கொக்கியைக் கவனியுங்கள். 'தொகித்-தொ ஷிதா'. அந்தத் 'தொ' வேறு எங்கே வரும்? 'வருகிறார் என்று சொன்னார்' என்பதில் 'என்று' வரும் இடத்தில் வரும். நாமும் அதே இடத்தில் அதே கொக்கியைத்தான் போடுகிறோம்: திக்கென்று இருந்தது, பகீரென்றது. நெஞ்சு ஏதோ வாய் திறந்து 'திக்' என்று சொன்னதுபோலவும், நாம் அதைக் கேட்டு மேற்கோள் காட்டுவதுபோலவும் இரண்டு மொழியும் பேசுகின்றன. இதை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் அக்கா தங்கை என்று நான் கிளம்பப் போவதில்லை. அந்த விவாதத்தை, இரண்டுக்கும் உறவு உண்டு என்ற ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ காலத்திலிருந்தே அறிஞர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு அதில் வேலை இல்லை. ஆனால் 'தொகித்-தொ' எனக்கு வேற்றுமொழியாகத் தெரிவது அன்றோடு நின்றது.

பழமொழிகளும் உண்டு. தூங்குகிறவன் காதில் தண்ணீர். வெள்ளம் வரும் ஓசை உறக்கத்தில் காதில் விழுவதுதான் இதன் பழைய பொருள் என்கிறார்கள். துப்பாக்கியில் பட்டாணி வைத்துச் சுட்ட அடி வாங்கிய புறா. நரி கிள்ளிவிட்டவன், அதாவது நம்மூரில் பேயறைந்தவன். 'தெளிந்த வானத்து இடி' என்பது சீனத்திலிருந்து வந்தது. சோங் காலத்துக் கவிஞர் லு யூ தன் தூரிகை வீச்சைத்தான் அப்படிச் சொன்னார், கெட்ட செய்தியை அல்ல. 2015 முதல் அவோமோரி மாநிலம் இதே பெயரில் ஒரு அரிசி விற்கிறது. 'பேரிடி பொன்னி' என்று நம்மூரில் மூட்டை வந்தால் யாராவது வாங்குவார்களா தெரியவில்லை. இங்கே வாங்குகிறார்கள்.

ஸென் குடும்பம்

பேச்சுவழக்கைத் தாண்டி செய்தித்தாளுக்கு வந்தால் வேறு குடும்பம். எல்லாம் 'ஸென்' என்று முடியும். அப்படியான நிலையில் என்று பொருள். அஸென்: எதிரே இருப்பவன் செய்த காரியத்தைப் பார்த்து வாய் திறந்தபடி நிற்பது. ககுஸென்: கேட்ட கணத்தில் உள்ளே ஏதோ சரிந்து விழுவது. போஸென்: எல்லாம் முடிந்த பிறகு, இன்னது செய்வதென்று தெரியாமல் வெறுமனே நிற்பது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகான வாரங்களில் நான் செய்தித்தாளில் இந்தப் போஸென் என்ற சொல்லைக் கண்ட அளவுக்கு வேறெதையும் கண்டதில்லை. வீடு இருந்த இடத்தில் ஒரு கிழவர் நிற்பார், படத்துக்குக் கீழே அந்தச் சொல் இருக்கும்.

அதே வாரங்களில் இன்னொரு சொல்லும் தொலைக்காட்சியில் ஓயாமல் ஒலித்தது: ஸோதெய்காய், அனுமானத்துக்கு அப்பாற்பட்டது. புகுஷிமா அணுமின் நிலையத்தில் 5.7 மீட்டர் அலைக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள், வந்ததோ 13 மீட்டருக்கும் மேல். 2005-இல் ஒரு இளம் தொழிலதிபர் 'எல்லாம் என் அனுமானத்துக்குள்' என்று பேசிப் பேசி, அது அந்த வருடத்தின் பிரபலச் சொல் விருதே வாங்கியது. ஆறு வருடத்தில் அதன் எதிர்ச்சொல் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு வந்து தலை குனிந்து நின்றது. என் பத்துப் பக்கப் பட்டியலில் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் இதுதான். இதில் ஈரல் இல்லை, இடுப்பு இல்லை, மூச்சு இல்லை. திகைக்க ஒரு ஆளே இல்லை.

சரி, என் அகிரெருவுக்கு வருகிறேன். பழைய ஜப்பானியத்தில், ஹெய்ஆன் காலத்தில், அந்தச் சொல்லுக்கு இகழ்ச்சியே கிடையாது. எதிர்பாராதது நடந்து, செய்வதறியாமல் திகைப்பது மட்டும்தான். அதாவது நான் அட்டையில் எழுதியது ஆயிரம் வருடம் தாமதமாக எழுதியது, அவ்வளவே. போகப் போகத் திகைப்பு தேய்ந்து, 'இப்படியும் ஒருத்தன் இருப்பானா' என்ற சலிப்பு மட்டும் மிஞ்சிவிட்டது. இது எனக்கு ஒருவித ஆறுதலாக இருந்தது. ஆனாலும் சன்னலைப் பார்த்த அந்த முகம் ஆயிரம் வருடம் முந்தைய முகம் இல்லையே.

2019 இலையுதிர்காலத்தில் ஒருநாள், பட்டறையின் தேநீர் மேசையில் கிடந்த செய்தித்தாளில் ஒரு சின்னக் கட்டம். அரசின் பண்பாட்டு முகமை ஆண்டுதோறும் மக்களிடம் மொழி பற்றிக் கருத்துக் கேட்கும். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நினைக்கிறீர்கள் என்கிற மாதிரி. அந்த வருடக் கேள்விகளில் ஒன்று புஸென். விடையைப் பார்த்தபோது கையில் தேநீர்க் கோப்பை சாய்ந்ததுகூடத் தெரியவில்லை. அதன் மூலப்பொருள் கோபம் இல்லை. ஏமாற்றத்தில், அல்லது எதிர்பாராத அடியில், மனம் வெறிச்சோடிப்போய் இருப்பது. சரியாகச் சொன்னவர்கள் 28.1 விழுக்காடு. கோபம் என்றவர்கள் 56.7. அதற்கு முன் 2007-இல் கேட்டபோது நிலைமை இன்னும் மோசம்: சரி 17.1, கோபம் 70.8. ஜப்பானியர்களிலேயே நூற்றுக்கு எழுபது பேர் என் சொல்லேட்டில் இருப்பதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எழுத்தைப் பாருங்கள். இடப்பக்கம் இதயம், வலப்பக்கம் 'இல்லை'. வலப்பக்கம் ஒலிக்காக வந்தது என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், இருக்கட்டும். கோபம் எப்படி உள்ளே வந்தது? 'புஸுத்-தொ' என்று ஒரு ஒலிக்குறிப்பு இருக்கிறது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. அந்த ஒலியின் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒலி மட்டும் எழுபது பேரை இழுத்துக்கொண்டு போயிருக்காது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதற்குக் காரணம், அதற்கு ஒன்றே முக்கால் வருடம் முன்பு நடந்தது.

"எத்தன மணிக்கு?"

2018 ஜனவரி. ஏரியின் ஓரமெல்லாம் உறைந்திருந்த ஒரு காலை. உடுமலையிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். இங்கே ஒன்பது மணி, அங்கே விடிந்திருக்காது. அந்த நேரத்து அழைப்பு என்றபோதே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. "அப்பா போயிட்டாருடா." நான் கேட்டது, "எத்தன மணிக்கு?" அண்ணன் ஏதோ சொன்னான். சரி என்றேன். போனைச் சட்டைப்பையில் போட்டேன். என் மேசையில் அன்று காலை சீவிய துகள்கள் கிடந்தன. தூரிகையை எடுத்து அவற்றைக் கூட்ட ஆரம்பித்தேன். மேசையைக் கூட்டி முடித்து, பக்கத்து மேசையையும் கூட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிக்குரி, ககுஸென், போஸென் என்று பத்துப் பக்கம் எழுதி வைத்தவனுக்கு ஒரு சொல் வரவில்லை. தமிழிலும் வரவில்லை. தலைக்குள் வெள்ளையாகவும் இல்லை, மணியும் அடிக்கவில்லை. அந்தப் பித்தளைப் பிடி போட்ட தூரிகையும், மேசை விளிம்பில் செந்நிறக் குழம்பு காய்ந்திருந்த ஒரு விரல் தடமும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்த பிறகு, புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒருவன் என்னிடம் வந்து இடுப்பு வரை குனிந்தான். "அன்றைக்கு உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தேன். கதவுவரை வந்து திரும்பிப் போய்விட்டேன். மன்னித்துவிடுங்கள்." ஏன் திரும்பினாய் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். "நீங்கள் கடுங்கோபத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். காலையில் நான் அளவு தப்பாக எழுதியிருந்தேன், அதற்காகத்தான் என்று..."

அன்று அதை ஒரு பச்சைப்பிள்ளையின் பயம் என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். செய்தித்தாளைப் பார்த்த நாளில்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. அன்று என் முகத்தை அந்தப் பையன் நின்ற இடத்திலிருந்து ஒருதரம் பார்த்தேன். வாய் இறுகி, கண் ஒரு இடத்தில் குத்தி, யார் பக்கமும் திரும்பாமல், தேவையில்லாத வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும் ஒருவன். யார் பார்த்தாலும் கோபம் என்றுதான் சொல்வார்கள். உள்ளேயோ கோபப்படக்கூட ஆள் கிடையாது. அந்த முகத்தை நான் வேறு ஒருவரிடம் பார்த்திருக்கிறேன். அட்டையை உறைக்குள் கவனமாக வைத்துவிட்டு, தன் கிண்ணத்தைத் தானே நிரப்பிக்கொண்ட முகம். நாற்பது வருடம் அடிவயிற்றால் இரும்பைத் தள்ளியவருக்கு அது கடைசி நாள். என் வரியை வாசித்துக் கோபித்தாரா, அல்லது என் வரி அவருக்கு உறைக்கவே இல்லையா, மறுநாள் காலை எழுந்து எங்கே போவது என்ற இருட்டைத்தான் சன்னலில் பார்த்தாரா? ஏழு வருடமாக அந்த முகத்தின் நடுவில் என்னை உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். அளவு தப்பாக எழுதிய பையனைப் போலவே.

வாழ்த்தட்டையில் தொலைபேசி எண் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். நலம் விசாரித்தேன். வீட்டுக்குப் பின்னால் முள்ளங்கி போட்டிருப்பதாகச் சொன்னார். சுற்றி வளைத்து, ஒருவழியாக அந்த அட்டையைப் பற்றிக் கேட்டேன். அன்று நான் அப்படி எழுதியதைப் படித்தபோது... என்று இழுத்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் எங்கோ வானொலி பாடிக்கொண்டிருந்தது.

"ஆங், அதுவா," என்றார். "தமகெதா."

எந்தத் தமகெதா என்று நான் கேட்பதற்குள், மூன்றாம் எண் எந்திரத்தின் படுகையை மறுபடி சீவினீர்களா, எண்ணெய் ஒழுங்காக நிற்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.